ஓய்வுக்குப் பிறகு கத்தி செய்யக் கற்கிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். காலையில் நடை, பேப்பர், மதியத் தூக்கம் என்று பொழுது போகிறது. அது எனக்குப் போதவில்லை. ஒரு பொருளைக் கையால் தொடங்கி கையாலேயே முடிக்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு. சமையல்கட்டுக் கத்திகளைச் சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

இரும்பு வேலை எதுவும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன இடம் இருக்கிறது. லாரிப் பட்டையை (லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை) வாங்கி அடித்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பெல்ட் கிரைண்டர் இல்லாமல் இறங்காதீர்கள் என்கிறான் மகன். கத்தி செய்தால் போலீஸ் பிரச்சினை வருமோ என்று மனைவிக்குப் பயம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

டூல்ரூம்காரன் (கோவை)

நல்ல முடிவு சார். வேலைக் காலம் முழுக்க டூல் ரூமில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு என்னை உற்சாகமாக வைத்திருப்பது இந்த வேலைதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கத்தி செய்ய இரண்டு வழி. உலையில் காய்ச்சி அடித்து உருவாக்குவது ஒன்று. பட்டையை அறுத்து, அராவி, தேய்த்து எடுப்பது இன்னொன்று. இரண்டாவது மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் பாப் லவ்லெஸ் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது பட்டையிலிருந்து தேய்த்து எடுத்த கத்திகளால்தான். வெட்டுகிற திறனைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள்: உருக்கின் வகை, அதைக் கடினப்படுத்திய (சூடேற்றி எண்ணெயில் இறக்கிச் சட்டென்று ஆற்றிய) விதம், வாய்ப் பக்கம் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்பது. சுத்தியல் அடி அந்தக் கணக்கில் பின்னால்தான் வரும்.

முதல் கத்திக்கு மெஷினே வேண்டாம். மேசையோடு ஆடாமல் இறுக்கிய ஒரு வைஸ், ஹாக்ஸா, 12 அங்குல பாஸ்டர்ட் அரம், அதைவிட நைசான ஒரு அரம், எமரி தாள் 120-லிருந்து 600 வரை. இவ்வளவே போதும். வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் இடுப்பு போய்விடும். அரத்தின் பல்லில் சாக்பீஸ் தடவிக்கொண்டு அராவினால் துகள் சிக்கி ஆழக் கோடு விழாது.

உருக்கு வாங்கும்போது பெயர் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் பட்டை விற்கிற கடைகளில் சி80, இ.என். 42ஜே என்று கிடைக்கும். கார்பன் ஏறத்தாழ 0.7-லிருந்து 0.85 சதவீதம். பதப்படுத்தாத, மெதுவான நிலையில் கேளுங்கள். சமையல் கத்திக்கு 2 அல்லது 2.5 மி.மீ. கனம் போதும். ஓ.எச்.என்.எஸ். (ஆயில் ஹார்டனிங் வகை) அருமையான உருக்குதான், இ.என். 31-ம் அப்படியே. ஆனால் இந்த இரண்டையும் ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால்தான் முழுப் பலன். கரி அடுப்பில் அது கஷ்டம். வெளியில் கொடுத்துக் கடினப்படுத்துவதாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

கை பழக இன்னொரு வழியும் உண்டு. ஒர்க்‌ஷாப்களில் உடைந்துபோன பவர் ஹாக்ஸா பிளேடு கிடக்கும். முழுக்க ஹை ஸ்பீடு உருக்கில் வருகிற வகையாக இருந்தால் அது ஏற்கெனவே கடினப்படுத்தப்பட்டது, தேய்த்து வடிவம் கொடுத்தாலே கத்திதான். தேய்க்கும்போது கொஞ்சம் சூடேறினாலும் கடினம் போகாது. ஆனால் அரம் அதில் ஏறாது, கிரைண்டர் வேண்டும். கீழே விழுந்தால் உடையும். பல் மட்டும் ஹை ஸ்பீடாக இருக்கிற இரட்டை உலோக வகையும் உண்டு. அதைக் கத்திக்கு எடுக்காதீர்கள், வாய் நிற்காது.

உலைக்களம் (சிவகங்கை பக்கம்)

ஐயா, நாங்கள் தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கிறோம். அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி எங்களுக்குப் பக்கம்தான். லாரிப் பட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அரிவாள், மண்வெட்டி, கோடாலி மாதிரி அடி வாங்குகிற சாமானுக்கு லாரிப் பட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. கனமான அரிவாளில், காய்ச்சி அடிக்கும்போதே வெடிப்பு வாய் திறந்துவிடும், நாங்கள் ஒதுக்கிவிடுவோம். மெல்லிய சமையல் கத்தியில் எல்லா வேலையும் முடிந்து எண்ணெயில் இறக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அத்தனை நாள் உழைப்பும் போச்சு. பட்டைதான் வேண்டும் என்றால் புதுப் பட்டை கட்டிக் கொடுக்கிற கடைகளில் வெட்டிப் போட்ட துண்டு இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 8, 10 மி.மீ. கனப் பட்டையை அடித்து 2 மி.மீ. ஆக்குவது எங்கள் ஆட்களுக்கே இரண்டு பேர் வேலை. ஒருவர் குறட்டில் பிடிக்க, ஒருவர் சம்மட்டி போட வேண்டும். இந்த வயதில் தனியாக அதில் இறங்காதீர்கள் ஐயா. தோள் போய்விடும்.

டூல்ரூம்காரன் (கோவை)

உலைக்களம் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பட்டைகளிலும் ஒரே ரகம் இல்லை. எஸ்.யு.பி. 9 என்றால் குரோமியம் கலந்தது. இ.என். 45 சிலிக்கன், மாங்கனீஸ் வகை. இ.என். 47-ல் வனேடியம் உண்டு. ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கிடக்கிற துண்டு எது என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சூட்டில் இறக்க வேண்டும், எவ்வளவு டெம்பர் (கடினப்படுத்திய பிறகு மிதமான சூட்டில் வைத்து, எளிதில் உடையாதபடி செய்வது) கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஊகித்துக்கொண்டே இருக்க நேரும். புதிதாகக் கற்கிறவருக்கு ஊகிக்க வேண்டிய விஷயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கருப்புக்கோட்டு (மதுரை)

சட்டம் பற்றி அம்மா பயப்படுவதால் சொல்கிறேன். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த விதிகளில், முதல் அட்டவணையின் 5-ம் வகை வெட்டுக்கருவிகளைப் பற்றியது. வாள், குத்துவாள், ஈட்டி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான கத்திகள் எல்லாம் அதில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காக வடிவமைத்தவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. காய் நறுக்குகிற கத்தி செய்வதில் பிரச்சினை இல்லை. குத்துவாள், இருபக்க வாய், வாள் வடிவம் பக்கமே போகாதீர்கள், அழகுக்கு என்றாலும் வேண்டாம். செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்; யாருக்காவது கொடுக்கப் போனால் உறை போட்டு, பொதிந்து, பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.

பிடி விஷயத்திலும் கவனம். மான் கொம்பு, தந்தம் இரண்டும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-க்குள் வரும். ‘காட்டில் தானாக விழுந்த கொம்பு’ என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வெள்ளுடை (தஞ்சாவூர்)

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணா, வயது காரணமாகச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் எதுவாக இருந்தாலும் சின்ன வெட்டுகூட எளிதில் நிற்காது. வேலை தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் எட்டும் தூரத்தில் சுத்தமான துணியும் கட்டுத் துணியும் இருக்கட்டும், செல்போன் சட்டைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை இருந்தால் காலில் கண்டிப்பாக மூடிய தோல் ஷூ. கால் மரத்திருந்தால் தீப்பொறி விழுந்ததே தெரியாமல் புண்ணாகும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பலமான காந்தத்தை நெஞ்சுக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். இந்த வேலையில் சூடு பார்க்கக் காந்தம் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு நிறம் முன்பு தெரிந்த மாதிரி தெரியாது. அதற்கு முன் எல்லாம் மஞ்சள் ஓடித் தெரியும், பிறகு நீலம் தூக்கலாகத் தெரியும். இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்கிற வேலையில் இது முக்கியம் இல்லையா?

தூசி மிக மோசம். இரும்புத் தூசி, எமரித் தூசி, மரத்தூசி எல்லாம் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். துணி மாஸ்க் போதாது. வடிகட்டி மாற்றுகிற ரப்பர் முகமூடி வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் பொருந்தாது.

டூல்ரூம்காரன் (கோவை)

வெள்ளுடை அம்மாவின் பதிவைப் பிரின்ட் எடுத்து பட்டறைச் சுவரில் ஒட்ட வேண்டும். நிறம் பற்றி அவர் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. காந்தத்தை நம்புவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

மெஷின் வாங்கிய பிறகு இதையும் மனதில் வையுங்கள்: சுற்றுகிற எதன் முன்னாலும் கையுறை, துண்டு, வேட்டி, தொளதொளச் சட்டை கூடாது. பாலிஷ் போடுகிற பஃபிங் சக்கரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. கத்தியின் முனையைப் பிடித்து இழுத்து நெஞ்சுக்கு நேராக எறியும். நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை, எமரி தாளால் கையாலேயே முடிக்கிறேன்.

காவிரிக்கரை (திருச்சி)

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. மாத்திரை விஷயம் டாக்டரிடம் பேசிவிட்டேன், எனக்குத் தடை இல்லை. சி80 பட்டை சொல்லி வைத்திருக்கிறேன், வைஸ் வந்துவிட்டது. கடினப்படுத்துவதை வீட்டிலேயே செய்ய முடியுமா, வெளியில் கொடுக்க வேண்டுமா?

டூல்ரூம்காரன் (கோவை)

சி80 என்றால் வீட்டிலேயே முடியும். அதற்கு முன்னால் அராவும் கட்டத்தில் ஒரு நுணுக்கம். வாய் வரப்போகிற விளிம்பில் மார்க்கர் மை பூசுங்கள். பட்டையின் கனம் 2.5 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. டிரில் பிட் எடுங்கள். பட்டையையும் பிட்டையும் சமமான மேசைமேல் படுக்கவைத்து, பிட்டின் நுனியால் அந்த விளிம்பு முழுக்கக் கீறுங்கள். பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி கீறுங்கள். நடுக்கோடு கிடைத்துவிடும், இரண்டு கோடு விழுந்தால் அவற்றின் இடைவெளிதான் நடு. இரண்டு பக்கமும் அந்தக் கோட்டை நோக்கி அராவிக்கொண்டே வாருங்கள், ஆனால் கோட்டைத் தொடாதீர்கள். கடினப்படுத்தும் முன் வாய் 0.5-லிருந்து 0.8 மி.மீ. கனம் இருக்க வேண்டும். அதற்கும் மெல்லிசாக்கினால் எண்ணெயில் இறங்கும்போது அலை அலையாகக் கோணும், இல்லை வெடிக்கும்.

சூடேற்றக் கரி போதும். சின்னக் குழி அடுப்பு, கையால் சுற்றுகிற புளோயர். காற்றை மெதுவாக விடுங்கள், கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள், முனையும் வாயும் முதலில் சூடேறிவிடும். வெயிலில் நிறம் தெரியாது. அந்தி நேரத்திலோ நிழலிலோ செய்யுங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். அதிலிருந்து இன்னும் கொஞ்சம், 810, 820 வரை ஏற்ற வேண்டும். மிதமிஞ்சி ஆரஞ்சு தாண்டினால் உள்ளே மணி (உருக்குக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள்) பெருத்துவிடும், கத்தி கண்ணாடியாக உடையும்.

கடினப்படுத்தும் முன் இதே சூட்டுக்குக் கொண்டுபோய், காற்றில் தொங்கவிட்டு ஆறவைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் உள்ளே மணி நைசாகும், இறுக்கமும் விடும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய்: கடலை எண்ணெய் போதும், 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சூட்டைச் சீக்கிரம் இழுக்காது. உயரமான இரும்புப் பாத்திரம், பொருந்துகிற மூடி. பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது. கத்தி முழுதும் மூழ்கவில்லை என்றால் மேலே தீப்பிடிக்கும். மூடியால் அணையுங்கள், பக்கத்தில் மணல் வாளி வைத்திருங்கள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இறக்கியதும் வெட்டுகிற திசையில் முன்னும் பின்னும் அசையுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும்.

ஆறியதும் வாயில் அரத்தை வைத்துத் தள்ளுங்கள். கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் வெற்றி. அந்த நிலையில் கீழே போட்டால் உடையும், ஆகவே அன்றைக்கே டெம்பர். வீட்டு ஓவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், ஆறவைத்து மறுபடி இரண்டு மணி நேரம். ஓவனின் திருகு காட்டுகிற எண்ணை நம்பாமல் உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள், தட்டில் மணல் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் சூடு ஏறி இறங்காது. கழுவித் தேய்த்த இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் சரி.

எவர்சில்வர் வகைகளை வீட்டில் முயல வேண்டாம். 440சி மாதிரி உருக்குக்கு 1000 டிகிரிக்கு மேல் கட்டுப்பாடாக ஏற்ற வேண்டும். கோவை, ஓசூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் வாக்யூம் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

உலைக்களம் (சிவகங்கை பக்கம்)

சார் சொன்னது சரி. எங்கள் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் வேறு மாதிரி. வாய்ப் பக்கம் மட்டும் தண்ணீரில் முக்குவோம், முதுகில் சூடு மிச்சம் இருக்கும். உடனே செங்கல்லில் வாயைத் தேய்த்து வெளுப்பாக்கினால் முதுகுச் சூடு மெல்ல இறங்கி வரும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடிவரும். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி முக்கி நிறுத்திவிட வேண்டும். முதுகு மெதுவாகவும் வாய் கடினமாகவும் நிற்கும். இதைக் கண் பழகியவர்தான் செய்ய முடியும், மெல்லிய கத்தி தண்ணீரில் வெடித்துவிடும்.

கரி பற்றி: எங்கள் பக்கமும் ராமநாதபுரத்திலும் சீமைக்கருவேலத்தில் சுடுகிற கரி நல்லது. அடுப்புக்குழியைத் துத்தநாகம் பூசிய குழாயை வைத்துக் கட்டாதீர்கள், சூட்டில் வருகிற வெள்ளைப் புகை காய்ச்சலில் தள்ளும். ஒருநாள் நேரம் கிடைத்தால் ஏதாவது பட்டறையில் வந்து உட்கார்ந்து பாருங்கள் ஐயா. பட்டறைகள் மூடிக்கொண்டே வருகிற காலத்தில் கற்க ஒருவர் வந்தால் எங்கள் பெரியவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பனிப்பிரதேசம் (ஸ்காபரோ, கனடா)

நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து கனகாலம். ஓய்வு எடுத்தாப்பிறகு இந்த வேலையிலதான் நிக்கிறன். குளிர்காலத்தில கராஜ் கதவைப் பூட்டிப்போட்டு காஸ் உலை கொளுத்தக் கூடாது எண்டு இங்க எல்லாருக்கும் சொல்லுவம். கார்பன் மோனாக்சைட்டுக்கு மணமே இல்லை, தலையிடி வரேக்க நேரம் பிந்திப் போயிருக்கும். அங்க உங்களுக்குத் திறந்த இடம், நல்லது. கரியிலயும் அதே நச்சுத்தான், ஆனபடியா மழை எண்டு தட்டி கட்டி மூடாதேங்கோ.

ஒரு இலக்கு வேணுமெண்டால் சொல்லுறன். 1976-ல தொடங்கின அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின்ர சோதனை இருக்கு. ஒரே கத்தியால தொங்கிற ஓர் அங்குலக் கயிறை ஒரே வெட்டில அறுக்கவேணும், இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை ரெண்டு தரம் கொத்தி முறிக்கவேணும், அதுக்குப் பிறகும் அந்த வாய் கையில மயிர் வழிக்கவேணும். கடைசியா வைஸில வைச்சு 90 பாகை வளைக்க உடையாம நிக்கவேணும். சமையல் கத்திக்கு இது வேண்டாம்தான். ஆனா நான் செய்யிற ஒவ்வொரு புது உருக்கிலயும் ஒரு துண்டை வேணுமெண்டு உடைச்சுப் பாப்பன். உடைஞ்ச முகம் நைசா, சாம்பல் வெல்வெட் மாதிரி இருந்தால் சூடு சரி. சீனி மாதிரி மினுங்கினால் கூடிப்போச்சு. ஐயா, நீங்களும் முதல் பட்டையில ஒரு சின்னத் துண்டைப் பலி குடுங்கோ.

காவிரிக்கரை (திருச்சி)

கட்டாயம் செய்து பார்க்கிறேன். தம்பி உலைக்களம், உங்கள் அழைப்பை மறக்க மாட்டேன். இன்னொரு கேள்வி: வரிவரியாக ‘டமாஸ்கஸ்’ என்று படங்களில் வருகிறதே, அது நம் ஊர் உருக்குதானே? அதையும் ஒருநாள் செய்ய முடியுமா?

டூல்ரூம்காரன் (கோவை)

இரண்டும் வேறு சார். இப்போது விற்கிற டமாஸ்கஸ், இரண்டு வகை உருக்கை அடுக்கிச் சூட்டில் அடித்து ஒட்டியது. அமெரிக்காவில் பில் மோரன் 1973-ல் அப்படிச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் இந்த மோகம் பரவியது. நம் ஊர் உருக்கு மூசையில் (சூடு தாங்கும் மண் குடுவை) வைத்து உருக்கியது. நொய்யல் கரையில் கொடுமணலில் அதற்கான உலைகளும் மூசைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மைக்கேல் ஃபாரடேயே அந்த உருக்கை ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் வீட்டில் முயல வேண்டியது அல்ல, 1400 டிகிரிக்குப் பக்கத்தில் உருகின இரும்போடு விளையாடுவது. முதலில் நல்ல சாதாரணக் கத்தி குறைந்தது பத்து செய்யுங்கள்.

சமையல்கட்டு (கும்பகோணம்)

செய்கிறவர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பயன்படுத்துகிறவள் நான் சொல்கிறேன். என் தம்பி செய்து தந்த கார்பன் உருக்குக் கத்தி என்னிடம் இருக்கிறது. கூர்மைக்கு ஈடே இல்லை. தக்காளித் தோலில் வைத்தாலே இறங்கும். ஆனால் வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். மாங்காய், எலுமிச்சை பட்டு அப்படியே வைத்தால் காலையில் துரு. நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறேன். கொஞ்ச நாளில் சாம்பல், நீலம் என்று ஒரு படலம் வந்துவிட்டது, அதன் பிறகு துரு அவ்வளவாக இல்லை. வீட்டில் யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். சிங்க்கில் ஊறப்போட்டால் உங்கள் உழைப்பு வீண்.

பிடி பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்கள் செய்கிற கத்திக்கெல்லாம் பிடி தடியாக இருக்கிறது. ஈரக் கையோடு அரை மணி நேரம் வெங்காயம் நறுக்குகிறவரின் கையைப் பிடித்துப் பார்த்து அளவெடுங்கள். பிடிக்கும் பலகைக்கும் நடுவே விரல் முட்டி இடிக்காமல் அலகு அகலமாக இருக்கட்டும்.

காவிரிக்கரை (திருச்சி)

அருமையான குறிப்பு அம்மா. மனைவியின் கையளவை அட்டையில் வரைந்துவிட்டேன். பிடிக்குப் பழைய புளிய மரத்துண்டு இருக்கிறது. அதைப் பொருத்துவது எப்படி?

டூல்ரூம்காரன் (கோவை)

புளிய வைரம் என்றால் உங்களுக்கு யோகம்தான், நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். இரண்டு பக்கமும் பலகை வைத்து, அரால்டைட் பூசி, 5 மி.மீ. பித்தளைக் கம்பி இரண்டு செருகி இறுக்குங்கள். பூசும் முன் உருக்கையும் மரத்தையும் 80 எமரியால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை இல்லாமல் தின்னரால் துடைத்துவிடுங்கள். கிளாம்பை ரொம்ப இறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும்.

ஒன்று முக்கியம், பட்டையை அறுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பித்தளைக் கம்பிக்கான துளைகளைக் கடினப்படுத்தும் முன்பே போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால் சாதாரண டிரில் பிட் ஏறாது. துளை 5.2 மி.மீ. இருக்கட்டும். துளையின் விளிம்பில் பிசிறு இல்லாமல் இரண்டு பக்கமும் லேசாகச் சரிவு எடுத்துவிட்டால் எண்ணெயில் இறக்கும்போது அங்கிருந்து வெடிப்பு கிளம்பாது.